காட்டு வெட்டிவேர் எண்ணெய்க்குத்தான் மவுசா?

''கடலூர் பக்கம் 60 சென்ட் மணல் நிலத்தில் வெட்டிவேர் போட்டிருக்கிறோம். 'காட்டு வெட்டிவேர் எண்ணெய்க்குத்தான் நல்ல விலை. வடக்கிலிருந்து நாற்று தருகிறேன், மாற்றி நடுங்கள்' என்கிறார் ஒரு வியாபாரி. மாற்றலாமா?''
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

அவசரப்பட வேண்டாம். வியாபாரி சொல்வதில் பாதிதான் உண்மை. ராஜஸ்தானின் பரத்பூர் பக்கமும் உத்தரப் பிரதேசத்திலும் தானாக வளரும் வெட்டிவேரைத் தோண்டி, செப்புப் பாத்திரத்தில் எண்ணெய் வடிக்கிறார்கள். 'ரூ கஸ்' எனப்படும் அந்த எண்ணெய்க்கு அத்தர் சந்தையில் தனி மரியாதை உண்டு. அதன் பச்சை நிறம் மட்டும் செடி தந்ததல்ல, செம்பு தந்தது!

ஆனால், அந்த வாசனைக்குக் காட்டில் வளர்ந்தது மட்டுமே காரணமல்ல, ரகமே வேறு. வடக்கத்திச் செடி பூத்து, விதை பிடித்துப் பரவும். எண்ணெய் குறைவு. தென்னிந்திய ரகத்தில் விதை பிடிப்பது அரிது. தூர் பிரித்துத்தான் நட வேண்டும், எண்ணெய் அதிகம். போலாரிமீட்டர் கருவியில் வைத்தால், வடக்கத்திக் காட்டு எண்ணெய் ஒளியை இடப்பக்கம் திருப்பும். தெற்கத்தி எண்ணெய் வலப்பக்கம் திருப்பும். ஆகவே, ஒன்றின் பெயரில் மற்றொன்றை விற்றால் ஆய்வகத்தில் மாட்டிக்கொள்ள நேரும்.

பயிரிட்ட வேர் என்றால் மட்டம் என்பதும் தவறு. 19-ம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கூலிகளாகப் பலர் கப்பலேறிப் போன ரீயூனியன் தீவின் 'பூர்போன்' வெட்டிவேர் எண்ணெயை, பிரான்ஸின் வாசனைத் திரவியக்காரர்கள் தேடி வாங்கினார்கள். அது பயிர் செய்த செடியில் எடுத்ததுதான். பிரெஞ்சில் 'வெத்திவேர்' என்ற சொல்லே தமிழிலிருந்து போனதுதான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விதையில் முளைத்த செடிகளில் எண்ணெய் செடிக்குச் செடி மாறும். விதை பக்கத்து வயலுக்கும் போகும். அங்கே முளைத்தால் வரப்புச் சண்டைதான். ஒரே தாய்த்தூரில் பிரித்த நாற்றில் இந்தத் தொல்லை இல்லை.

விலை கூட வேண்டுமானால், இருக்கும் பயிரிலேயே வழி இருக்கிறது. 15 முதல் 18 மாதம் வரை வேரை முற்ற விட வேண்டும். மண் போகக் கழுவி, நறுக்கி, 18 மணி நேரத்துக்குக் குறையாமல் ஆவியில் வடிக்க வேண்டும். விலைபோகும் கனமான எண்ணெய் கடைசியில்தான் இறங்கும். விறகை மிச்சம்பிடிக்க பாதியில் நிறுத்துபவர்கள் அதை இழக்கிறார்கள். 100 கிலோ வேருக்கு ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தாலே அதிகம். எனவே, 60 சென்ட்டுக்கு சொந்தமாக வடிகலன் வைப்பது கட்டுப்படியாகாது.

புது ரகம் பார்க்கும் ஆசை இருந்தால், லக்னோவிலுள்ள சிமாப் நிறுவனம் வெளியிட்ட 'குலாபி', 'கேசரி' ரகங்களை இரண்டு வரிசை மட்டும் நட்டு, அந்த வேரைத் தனியாக வடித்துப் பார்க்கலாம்.