ஒரு கம்பிதானே போச்சுன்னு விட்டுடாதீங்க மக்களே!

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன், ஆனா இதை எழுதலேன்னா மனசு ஆறாது.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மாவைப் பின்னாடி உக்கார வச்சு, ஈ.சி.ஆர். வழியா திருவிடந்தை கோவிலுக்குப் போயிட்டிருந்தேன். வண்டி, அப்பா 1995ல வாங்கின யமஹா ஆர்.எக்ஸ். 100. கோவளம் தாண்டினதும் பின்சக்கரத்துல 'டங்'னு ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் வண்டியோட பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சுது. பிரேக்கைத் தொடாம, ஆக்ஸிலேட்டரை விட்டு, மெதுவா ஓரங்கட்டிப் பார்த்தா மூணு ஸ்போக்ஸ் கம்பி ஒடிஞ்சு தொங்குது. "சாமிதான்டா காப்பாத்துச்சு"ன்னாங்க அம்மா. காப்பாத்தினது சாமியா இருக்கலாம். மாட்டிவிட்டது நான்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். திருச்சியில 25 வருஷத்துக்கு மேல ஓடின வண்டி இது, கம்பியில பெருசா துரு கிடையாது. மூணு வருஷம் முன்னாடி திருவான்மியூருக்குக் கொண்டு வந்தேன். கடல் காத்து ஒரு பக்கம், போர் தண்ணியில (உப்புத் தண்ணிதான், வேறென்ன) வாராவாரம் நான் கழுவினது இன்னொரு பக்கம். கம்பி மேல இருந்த பூச்சு போய் செம்பழுப்பா துரு ஏறிடுச்சு. ஐயா என்ன பண்ணினேன் தெரியுமா? சில்வர் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி அழகா அடிச்சு விட்டேன். எரர் மெசேஜ் வர்ற வரியை கமெண்ட் பண்ணிட்டு 'பக் சரியாயிடுச்சு'ன்னு மெயில் போடுற மாதிரி :-)

அப்புறம் ஒரு நாள் ஒரு கம்பி ஒடிஞ்சுது. பக்கத்து மெக்கானிக் ஷெட்ல காட்டினேன். "36 கம்பியில ஒண்ணு போனா என்ன சார்"னு ஒடிஞ்சதை வெட்டிப் போட்டுட்டு, பக்கத்துல லூஸா இருந்த ரெண்டை மட்டும் இறுக்கி அனுப்பிட்டார். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒண்ணுதானேன்னு நானும் சந்தோஷமாத்தான் வந்தேன்.

இங்கதான் நம்ம எல்லாரும் கோட்டை விடுறோம். மாட்டு வண்டிச் சக்கரத்துல ஆரக்கால் கட்டை கீழே நின்னு பாரத்தைத் தாங்கும். பைக் கம்பி அப்படி இல்ல. மெல்லிசுக் கம்பியால நின்னு தாங்க முடியாது. இழுத்துப் பிடிக்கத்தான் முடியும். எல்லாக் கம்பியும் ரிம்மை ஹப்பைப் பார்த்து இழுத்துக்கிட்டே இருக்கறதாலதான் சக்கரம் வட்டமா நிக்குது. சக்கரம் சுத்தும்போது கீழே வர்ற கம்பியில இழுப்பு கொஞ்சம் குறையும், மேலே போனா திரும்ப ஏறும். சரியா இறுக்கின கம்பி எந்த இடத்துலயும் முழுசா தளராது. லூஸ் கம்பி ஒவ்வொரு சுத்துலயும் முழுசா தளர்ந்து, மறுபடி வெடுக்குனு இழுபடும். வளைச்சு வளைச்சு கம்பியை ஒடிப்போமே, கிட்டத்தட்ட அதே கதைதான். பெரும்பாலும் ஹப் பக்கத்துல வளைஞ்சிருக்கிற கழுத்துல ஒடியும். துரு அரிச்ச குழி இருந்தா விரிசலுக்கு அதுவே பிள்ளையார் சுழி.

ஒண்ணு ஒடிஞ்சா அதோட பங்கு பக்கத்துக் கம்பிங்க தலையில விழும். ஒரு சர்வர் படுத்தா அடுத்த சர்வர் மூச்சு முட்டிப் படுக்குமே, அதே மாதிரி. போதாக்குறைக்கு, ரெண்டு கம்பியை மட்டும் இறுக்கினா ரிம் அந்தப் பக்கமா இழுத்துக்கும், சக்கரம் கோட்டம் வாங்கும்.

அதனால என் கட்சி இதுதான். கல்லோ கட்டையோ மாட்டி ஒரு கம்பி ஒடிஞ்சா, அந்த ஒண்ணை மாத்திக் கோட்டம் எடுத்தா போதும். சும்மா ஓடும்போது தானா ஒடிஞ்சாலோ, துரு பிடிச்சு ஒடிஞ்சாலோ மொத்த செட்டையும் மாத்துங்க. மத்த 35ம் அதே வயசு, அதே துரு. வரிசையில நிக்குதுங்க, அவ்வளவுதான்.

கடைசியில புதுப்பேட்டையில வீல் வேலை மட்டுமே செய்யற ஒரு பெரியவர்கிட்ட போனேன். நிப்பிளைத் திருப்பப் பார்த்தார், துருவுல ஒட்டிக்கிட்டு நிப்பிளோட சேர்ந்து கம்பியே முறுக்கிச்சு. "தம்பி, இத எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வச்சாலும் பாதி ஒடிஞ்சுதான் வரும். வெட்டிப் போட்டுட்டு புச்சா கோத்துடலாம்"னார். ரெண்டு சக்கரத்துக்கும் செட் மாத்தினோம். ஆன செலவு, குடும்பத்தோட மால்ல படம் பார்த்து பாப்கார்ன் தின்ற செலவு. இதை மிச்சம் பிடிக்கத்தான் அம்மாவை அந்த ஆட்டத்துல உக்கார வச்சேன்னு நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது.

அவர்கிட்ட கத்துக்கிட்டது, நீங்களும் வீட்டுலயே பண்ணலாம்:

1. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒரு சின்ன ஸ்பானரால ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்க. 'டிங்'னா நல்லது. 'டொப்'னு செத்த சத்தம் வந்தா லூஸ்.

2. ரிம் பக்கத்துல ஒரு குச்சியை அசையாமப் பிடிச்சுக்கிட்டு சக்கரத்தைச் சுத்துங்க. பெரும்பாலான சர்வீஸ் மேனுவல்ல 2 மி.மீ. ஆட்டம் வரைக்கும்தான் அனுமதி.

3. நீங்களே இறுக்குறதா இருந்தா ஸ்போக் கீ வாங்குங்க, கட்டிங் பிளேயர் வேண்டாம். ஒரு தடவைக்கு கால் சுத்துதான். ரொம்ப இறுக்கி கம்பி முனை உள்ள நீட்டிக்கிட்டா டியூப் காலி.

4. புது செட் போட்டா ஒரு சில நூறு கிலோமீட்டர் ஓடினப்புறம் திரும்பக் காட்டி இறுக்கணும். கம்பியெல்லாம் உக்காரும்.

"பேசாம அலாய் போட வேண்டியதுதானே"ன்னு சிலர் கேப்பீங்க. ட்யூப்லெஸ் வசதி உண்டு, ஒத்துக்கறேன். ஆனா பள்ளத்துல விழுந்து அலாய் விரிசல் விட்டா சக்கரத்தையே மாத்தணும். கம்பிச் சக்கரத்தை எந்த ஊர்லயும் பிரிச்சுக் கோக்கலாம், கோக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கிற வரைக்கும். பெரியவர் கடையில அடுத்த ஆள் யாரும் இல்ல. அவர் கூலி கேட்டப்ப பேரம் பேசலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. நல்லவேளை, பேசல.

உங்க ஊர்ல நல்லா கோட்டம் எடுக்கிற ஆள் இருந்தா எந்த ஏரியான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. நாலு பேருக்கு உதவும்.

டிஸ்கி: சில்வர் பெயிண்ட் டப்பா பாதி மிச்சம் இருக்கு. கேட் கதவுக்கு அடிக்கறவங்க எடுத்துக்கலாம். வண்டிக்குன்னா தர மாட்டேன் :-)