மூட்டையின் எடையை முதுகெலும்பு முடிவு செய்யட்டும்!

மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், "தூக்கத் தெரியாமல் தூக்கிவிட்டார்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். குற்றம் அவர் மீதா? மூட்டையின் மீதா?

மனிதனின் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. சிறு சிறு எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு இருக்கின்றன. அவற்றின் இடையே 23 ஜவ்வுகள் உள்ளன. ஜவ்வின் வெளிப்புறம் நார். உள்ளே கூழ். நடக்கும்போதும் குதிக்கும்போதும் அதிர்ச்சியைத் தாங்குபவை இவைதான்.

தராசுக் கணக்கு

குனிந்து தூக்கும்போது, ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் உள்ள தராசு போல முதுகு ஆகிவிடுகிறது. சுமை முன்னால் சுமார் 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் தசையோ பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆகவே, தசை 10 மடங்கு பலத்தோடு இழுக்க வேண்டும். 50 கிலோ மூட்டைக்கு 500 கிலோ இழுப்பு! உடம்பின் எடை வேறு. அத்தனையும் ஜவ்வை நசுக்குகிறது.

1960-களில் சுவீடன் நாட்டு டாக்டர் ஆல்ப் நாக்கெம்சன், உயிருள்ள மனிதர்களின் ஜவ்வில் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருப்பதைவிடக் குனியும்போது அழுத்தம் அதிகம் என்று கண்டார்.

பழகினால் சரியாகுமா?

"பழகப் பழகச் சரியாகிவிடும்" என்பார்கள். தசைக்கு அது பொருந்தும். உழைக்க உழைக்கத் தசை வளரும், எலும்பும் உறுதிப்படும். ஆனால், ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு. அதில் ஏற்படும் காயம் எளிதில் ஆறாது. நார் கிழிந்தால் கூழ் பிதுங்கி நரம்பை அழுத்தும். வலி கால் வரை பாயும். அதன்பின் அந்தக் குடும்பத்துக்குக் கூலி ஏது?

பாதியாக்க வேண்டும்

1967-ல் ஜெனீவாவில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, ஆண் தொழிலாளியின் சுமை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்றும், பெண்ணுக்கு அதைவிட வெகுவாகக் குறைய வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. பின்னர் 1991-ல் அமெரிக்க நிபுணர்கள், எல்லா வசதியும் இருந்தால்கூட 23 கிலோதான் எல்லை என்று கணக்கிட்டார்கள். பிரிட்டனில் சிமெண்டு மூட்டை 25 கிலோ. இந்தியாவிலோ 50 கிலோ!

முழங்காலை மடக்கி, சுமையை உடம்போடு அணைத்துத் தூக்குவது நல்லதே. சுமை 25 சென்டிமீட்டர் தூரத்துக்கு வந்தால் இழுப்பும் பாதியாகிவிடும். வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவோருக்கும் இது பொருந்தும். ஆனால், அவசரமாக லாரியில் சரக்கு ஏற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்க முடியுமா?

எனவே, தொழிலாளிக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது. மூட்டையைப் பாதியாக்க வேண்டும். மூட்டைக் கணக்கில் கூலி கொடுக்கும் இடங்களில், எடைக் கணக்கில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டையோடு கூலியும் பாதியாகிவிடும்.

சாக்கு கிழிந்தால் தைக்கலாம். ஜவ்வு கிழிந்தால் அவ்வளவு எளிதில் தைக்க முடியாது!