ஆப் அப்புறம், உமி முதலில்

கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் பிசினஸ் சிஸ்டம்ஸ் என்று கோர்ஸ் பெயரைச் சொன்னால் சொந்தக்காரர்கள் உடனே கேட்பது: "அப்போ இது கம்ப்யூட்டரா, பி.காமா?" ஃபைனல் இயர் வந்த பிறகும் நம்மில் பாதிப் பேரிடம் இதற்கு நேரான பதில் இல்லை. கோடிங்கோடு எகனாமிக்ஸ், காஸ்ட் அக்கவுண்டிங், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் எல்லாம் படிக்கிறோம். ஆனால் அவற்றை எக்ஸாமுக்கு முதல் நாள் ராத்திரி புரட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். பிளேஸ்மென்ட்டுக்குக் கோடிங் போதும்னு ஒரு நினைப்பு.

அந்த பிசினஸ் பாதிதான் இந்த டிகிரிக்கு உயிர் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது: கொல்லிமலை.

70 கொண்டை ஊசி வளைவையும் ரீல்ஸ் எடுத்தாச்சு, ஆகாய கங்கையில் குளிச்சாச்சு. மலையில் என்ன விளைகிறது என்று எத்தனை பேர் கவனித்தோம்? ஒரு காலத்தில் அங்கே சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு எல்லாம் பரவலாக விளைந்தன. பிறகு அந்த நிலங்களில் நிறைய மரவள்ளிக்கு மாறின. கிழங்கைச் சமவெளியில் உள்ள சேகோ ஆலைகள் வாங்கிக்கொள்ளும். கையில் காசு வரும்.

சாமையைத் திரும்பக் கொண்டுவரணும் என்று நம்ம புராஜெக்ட் டீம் ஒன்றிடம் சொன்னால் என்ன செய்வோம்? 'விவசாயியிடமிருந்து நேரடியாக வாடிக்கையாளருக்கு' என்று ஒரு ஆப். லாகின் பேஜ், கார்ட், பேமென்ட் கேட்வே. வேலை முடிஞ்சது.

ஆனால் பெரிய சிக்கல் ஒன்று ஆப்புக்கு ரொம்ப முன்னாடியே இருந்தது. கேழ்வரகை அப்படியே அரைத்து மாவாக்கலாம். சாமைக்கு உமி நீக்கினால்தான் அரிசி. உரலில் போட்டு உலக்கையால் குத்தணும், அந்த வேலை பெண்கள் தலையில். ரேஷன் அரிசி கிடைக்கும்போது யார் உட்கார்ந்து குத்துவார்கள்? விளைவிக்க நிலம் இருக்கிறது, வாங்கவும் ஆள் இருக்கலாம். நடுவில் உமி அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு மார்க் கேள்விக்கு 'பாட்டில்நெக்' என்று எழுதுகிறோமே, அது இதுதான்.

1990-களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்யும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கவனித்தது. விதையைப் பாதுகாப்பது, பயிரிடுவது, சாப்பிடுவது, விற்பது என்று நான்கையும் சேர்த்தே பார்த்தார்கள். உமி நீக்கும் சிறு இயந்திரங்களை ஊர்களுக்கே கொண்டுவந்து சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். அதோடு சேர்த்துத்தான் பாக்கெட், லேபிள், விற்பனை.

அப்போ சாஃப்ட்வேரே வேண்டாமா? வேணும். மெஷின் வந்ததும் கணக்கும் வரும். யார் எவ்வளவு சாமை கொண்டுவந்தார், அதில் அரிசி எவ்வளவு தேறியது, கரண்டுக்கும் ரிப்பேருக்கும் எவ்வளவு போனது, கிலோவுக்கு என்ன கூலி வாங்கினால் மெஷின் நிற்காமல் ஓடும்? கடைசிக் கேள்வி அப்படியே நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பர். சிக்னல் போனாலும் வேலை செய்கிற, தமிழில் இருக்கிற ஒரு சின்ன புரோகிராம் போதும். எந்தெந்தக் கட்டம் அதில் வேணும் என்பது மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

"இதெல்லாம் இன்டர்வியூவில் கேட்பாங்களா?" என்று ஜூனியர்கள் கேட்கலாம். கேட்காமலும் போகலாம். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு எந்த கிளையன்ட்டும் தன் உமி எங்கே அடைத்திருக்கிறது என்று சொல்லமாட்டார். "ஒரு ஆப் வேணும்" என்பார். மீதியை நாமதான் கண்டுபிடிக்கணும். கோடை எழுதிக் கொடுக்க இப்போது ஏஐ வந்தாச்சு. அதுவும் உரலடியில் போய் நிற்காது.

அதனால் நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஒரே ஒரு கோரிக்கை. முதல் புராஜெக்ட் ரிவ்யூவில் 'எந்த லாங்குவேஜ், எந்த டேட்டாபேஸ்?' என்று கேட்பதற்கு முன்னால் 'யாருடைய வேலை எங்கே நிற்குது, நேரில் போய்ப் பார்த்தீங்களா?' என்று கேளுங்கள். பதில் இல்லாத டீமை ஒரு வாரம் வெளியே அனுப்புங்கள். கொல்லிமலைக்கு பஸ் இருக்கிறது.