ஆஃப்-ரோடு வண்டியில் வெந்நீர் ஷவர்: ஒரு குளியலுக்கு எவ்வளவு ஆகுது?

தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி வண்டி எடுத்த பலருக்கு, டெலிவரி ஆன மூணாவது மாசமே ஆக்சஸரீஸ் லிஸ்ட் தயாராகிடுது. அதுல இப்போ புதுசா சேர்ந்திருப்பது வெந்நீர் ஷவர். ஓசூர் சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு, சனிக்கிழமை ராத்திரி டென்ட்டோடு கிளம்புறவங்களுக்கு, குளிர்ல எழுந்து சுடச்சுடக் குளிக்கணும்னு தோணுறது நியாயம்தான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த ஆசை தப்பில்லை. ஆனா வருஷத்துக்கு எத்தனை ராத்திரி வெளியில தங்குறீங்கன்னு எண்ணாம, அதுவும் கடன்ல, இதைப் போடாதீங்க.

இது எப்படி வேலை செய்யுது?

ஓடின இன்ஜினோட கூலன்ட் சுமார் 90 டிகிரி சூட்டில் இருக்கும். ஹீட்டர் ஹோஸ்ல ஒரு பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரை இணைச்சா, ஒரு பக்கம் கூலன்ட், மறுபக்கம் குளிக்கிற தண்ணீர். ரெண்டும் கலக்காது, சூடு மட்டும் மாறும். 12 வோல்ட் பம்ப் தண்ணியைத் தள்ளும். உடம்பு வெந்துடாம இருக்க மிக்சிங் வால்வு கட்டாயம்.

"இன்ஜின் சூடு வீணாத்தானே போகுது, அப்போ இது ஃப்ரீதானே?" வண்டி ஓட்டி வந்து நிறுத்தின உடனே குளிச்சா ஓரளவு சரி. காலையில குளிக்கிறதுக்காகவே இன்ஜினை ஐடில்ல விட்டா பெட்ரோல் செலவு உங்களுதுதான்.

இப்போ கணக்கு

பொருள், ஃபிட்டிங் கூலி எல்லாம் சேர்த்து ₹35,000 ஆகுதுன்னு வச்சுக்குவோம். வருஷத்துக்கு 6 ராத்திரி கேம்ப், 5 வருஷத்துக்கு 30 ராத்திரி. ஒரு ராத்திரிக்கு ₹1,167. அந்தக் காசுக்கு கீசர் இருக்கிற லாட்ஜ் ரூமே பல ஊர்ல கிடைக்கும்!

இதையே 14% வட்டிக்கு 24 மாச பெர்சனல் லோன்ல எடுத்தா இஎம்ஐ சுமார் ₹1,680. மொத்தம் கட்டுறது ₹40,300-க்கு மேல. வட்டி மட்டும் ₹5,300. ஏற்கெனவே வண்டி இஎம்ஐ ஓடிட்டு இருக்கு, எமர்ஜென்சி ஃபண்ட் இன்னும் ஆரம்பிக்கலைன்னா, இது ஷவர் இல்லீங்க, சம்பளத்துல ஒரு ஓட்டை.

பேட்டரியில் சூடு பண்ணலாமா?

20 லிட்டர் தண்ணியை 20 டிகிரியிலிருந்து 40-க்கு கொண்டு வர சுமார் 0.47 யூனிட் கரன்ட் வேணும். 60 ஏஎச் கார் பேட்டரியில முழுசா இருக்கிறதே 0.72 யூனிட்தான். நீங்க சுகமா குளிச்சிடுவீங்க, வண்டி ஸ்டார்ட் ஆகாது.

நம்ம வீட்டு வழி

வெந்நீரை விளாவுறது நமக்குப் புதுசா என்ன? 5 லிட்டர் தண்ணியைக் கொதிக்க வச்சு, 20 டிகிரி பச்சைத் தண்ணி 15 லிட்டரோட விளாவினா, 20 லிட்டர் வெந்நீர் 40 டிகிரியில ரெடி. பாதி சூடு வீணாப்போனாலும் கேஸ் சுமார் 75 கிராம்தான் ஆகும், பத்து ரூபாய்க்குள்ள முடியும். சின்ன அடுப்பு, பாத்திரம், பக்கெட்ல போடுற சார்ஜபிள் பம்ப் ஷவர் எல்லாம் சேர்த்து ₹4,000-னு வச்சாலும் அதே 30 ராத்திரிக்கு, கேஸோட, ஒரு ராத்திரிக்கு ₹145-க்குள்ள.

ஒண்ணு மட்டும்: டென்ட்டுக்குள்ளயோ மூடின வண்டிக்குள்ளயோ அடுப்பு பத்த வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

பில்லுல வராத செலவு

ஹீட்டர் ஹோஸை வெட்டி இணைச்ச பிறகு கூலன்ட் ஒழுகி இன்ஜின் சூடேறினா, வாரண்டி கேட்கும்போது பிரச்சினை வரலாம். அந்த ரிப்பேர் பில் முன்னாடி ₹35,000 சின்னத் தொகை. வெளியில போட்ட எலெக்ட்ரிக்கல் பொருளை பாலிசியில சேர்த்து பிரீமியம் கட்டினாதான் அதுக்கு கிளெய்ம் கேட்க முடியும்.

டேங்க்குக்காக பாடியை வெட்டுறது, வெல்டிங் பண்ணுறது இன்னும் ஆபத்து. அனுமதியில்லாத மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவுல, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும் விதிக்க இடமிருக்கு.

அப்புறம் இடம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் பெரிய பகுதி காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்துல வருது, 2014-ல அறிவிச்சது. வனத்துறை அனுமதி இல்லாம உள்ளே போய் கேம்ப் போட்டா, ஷவர் செலவு மறந்துபோற அளவுக்கு கேஸ் வரும். எங்க குளிச்சாலும் சோப்புத் தண்ணி ஓடையில கலக்கக் கூடாது.

யார் போடலாம்?

வருஷத்துக்கு 20 ராத்திரிக்கு மேல வெளியில தங்குறீங்க, ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கு, போனஸ் காசு கையில இருக்குன்னா தாராளமா போடுங்க. 5 வருஷத்துல 100 ராத்திரி, ஒரு ராத்திரிக்கு ₹350. லடாக், ஸ்பிதி மாதிரி நீண்ட பயணம் போறவங்களுக்கு அது நல்ல டீல்.

மத்தவங்க முதல்ல ஒரு வருஷம் விளாவிக் குளிங்க. போன ஒவ்வொரு ராத்திரியையும் மொபைல் நோட்ஸ்ல குறிச்சு வைங்க. அடுத்த தீபாவளி போனஸ் வரும்போது அந்த எண்ணிக்கையைப் பாருங்க. ஆசை ரீல்ஸ்ல வந்ததா, உங்க வாழ்க்கையில இருந்து வந்ததான்னு அதுவே சொல்லிடும்.