கண்மாய்க்கு யார் பொறுப்பு?

பாலவனத்தம் என்ற பெயரைத் தமிழ் கற்றோர் மறப்பதற்கில்லை. 1901-ஆம் வருஷத்தில் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் இவ்வூர் ஜமீன்தாராய் விளங்கியவர். ஊரின் பெயருக்குள்ளேயே 'வனம்' என்றொரு சொல் ஒலிக்கிறது. ஆனால் விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை நோக்கிச் செல்வோர் கண்ணுக்கு இன்று தென்படும் வனம் சீமைக் கருவேல வனமேயாகும். அருப்புக்கோட்டையைக் கடந்து திருச்சுழிப் பக்கம் சென்றாலும் காட்சி மாறுவதில்லை. அம்முட்களில் காற்று கொண்டுவந்து மாட்டிய பிளாஸ்டிக் பைகள், யாரோ வெற்றி கொண்டாட ஏற்றிய கொடிகளைப் போல ஆடிக்கொண்டிருக்கின்றன.

சுற்றுப்புறத்தைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பது பற்றி நம் நாட்டில் இரண்டு கட்சியார் ஓயாது வாதிட்டு வருகின்றனர். கண்ட இடத்தில் குப்பையை எறியும் ஜனங்களே குற்றவாளிகள், அவர்கள் திருந்தினால் தேசம் திருந்திவிடும் என்பர் ஒரு சாரார். மலைக்காடுகள் அழிகையில் மிட்டாய்க் காகிதத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது பெரிய குற்றவாளிகளைத் தப்பவிட்டு ஏழையின் தலையில் பழியைச் சுமத்தும் தந்திரமே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு வாதங்களையும் பட்டணத்து மேடைகளில் வைத்துத் தீர்த்துவிட முடியாது. கண்மாயை நம்பி வாழும் இந்த வறண்ட சீமையில் வைத்தே அவற்றை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இச்சீமையில் ஜீவநதி இல்லை. குண்டாறு மழை கண்டால் ஓடும், மழை நின்றால் மணலாய்க் கிடக்கும். ஆதலின் நம் முன்னோர் ஒரு கண்மாயின் மிகைநீர் அடுத்த கண்மாய்க்குச் சேரும்படி சங்கிலித் தொடராக அமைத்தனர். இந்த அமைப்பில் ஒருவன் செய்யும் காரியம் அவனோடு முடிவதில்லை. மேலூர் வரத்துக்காலில் எறிந்த சாக்கு வடகிழக்குப் பருவத்தின் முதல் வெள்ளத்தில் கீழூர் மடையில் வந்து அடைக்கிறது. பையோடு எச்சில் சோற்றையும் சேர்த்துத் தின்ற ஆடு வயிறு உப்பிச் சாகிறது. குப்பையை அற்ப விஷயம் என்போர் மடை அடைத்த நாளில் விவசாயியிடம் சென்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

எனினும் அதற்காக ஜனங்களை மட்டும் கடிந்துகொள்வதை நாம் ஒப்பவில்லை. ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு சர்க்கார் 2019 ஜனவரி 1 முதல் தடுத்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிற்று. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுமைக்கும் ஒரு தடை வந்தது. இத்தனைக்கும் பிறகு பை எங்கிருந்து வருகிறது? அபராதம் விதிக்கும் அதிகாரி பெட்டிக் கடைக்காரரைத் தேடி வருகிறார். பையைச் செய்து லாரியில் ஏற்றியவரின் வாசலை அவ்வளவு சுறுசுறுப்பாய்த் தேடிச் செல்வதாகத் தெரியவில்லை. உற்பத்தி செய்தவரே கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்புடையவர் என்று 2016-ஆம் வருஷத்து பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்லுகின்றன. ஷாம்பு உறையைக் கடைக்கோடிக் கிராமம் வரை கொண்டுவந்து விற்க வழி கண்ட கம்பெனிகளுக்கு, காலி உறையைத் திரும்ப எடுத்துச் செல்ல மட்டும் வழி தெரியாமற் போகுமோ?

வழி உண்டு என்பதற்கு நீலகிரியே சாட்சி. அங்கே காட்டில் எறியப்பட்ட மதுப்புட்டிகள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை ஹைகோர்ட்டின் கண்டிப்பினால் 2022-இல் புட்டி ஒன்றுக்குப் பத்து ரூபாய் கூடுதலாய் வாங்கி, காலிப் புட்டியைத் தந்தால் அதனைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பல வருஷப் போதனையால் ஆகாத காரியத்தைப் பத்து ரூபாய் செய்தது. புட்டிகளில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தன. (மதுவைச் சர்க்காரே விற்பது பற்றிய நமது அபிப்பிராயம் வேறு விஷயம்.) காட்டையும் குப்பையையும் தனித்தனிப் பிரச்னைகளாய்ப் பிரித்துப் பேசுவோர் இந்தப் புட்டியைச் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

இனிச் சீமைக் கருவேல மரத்துக்கு வருவோம். அமெரிக்கக் கண்டத்து மரமாகிய இது, விறகுப் பஞ்சத்துக்குப் பரிகாரமென்று கருதிய பிரிட்டிஷ் வன அதிகாரிகளால் 1870-களின் பிற்பகுதியில் சென்னை ராஜதானிக்குக் கொண்டுவரப்பட்டது. வறட்சியில் வாடாது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தின் வழியே விதை பரவும். நிலத்தடி நீரை இது எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் வாதமுண்டு. ஆயின் கண்மாயின் உள்வாயிலும் வரத்துக்கால்களிலும் அடர்ந்து நீரின் வழியை மறிக்கிறது என்பதற்குக் கண்ணே போதும், விஞ்ஞானி வேண்டியதில்லை. 2017-ஆம் வருஷம் மதுரைக் கிளை ஹைகோர்ட்டின் உத்தரவால் ஜில்லாதோறும் இம்மரத்தை வெட்டும் வேலை மும்முரமாய் நடந்தது. நீதிபதிகளே நேரில் பார்வையிட்டனர். அவ்வருஷத்திலேயே மரத்துக்காக வாதாட ஒருவர் முன்வந்து, இடைக்காலத் தடையும் பிறந்தது. 2022-இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கெனச் சர்க்கார் ஒரு கொள்கையை வெளியிட்டது. மனுவும் தடையும் கொள்கையும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்த காலத்தில் மரம் வாய்தா கேட்கவில்லை, வளர்ந்தது.

இதில் யாரும் வெளிப்படையாய்ப் பேசத் துணியாத விஷயம் ஒன்று உண்டு. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரங்களில் மழை பொய்த்த வருஷங்களில் அடுப்பெரியச் செய்தது இம்மரமே. கட்டைகளை அடுக்கி, தழையும் ஈரமண்ணும் கொண்டு மூடி, உள்ளே நெருப்பிட்டுப் பல நாள் இரவும் பகலும் காவலிருந்து எடுக்கும் மூட்டக் கரி இங்கிருந்து லாரி லாரியாய் வெளியூர் போகிறது. அப்புகையை உட்கொண்டு கூலி வேலை செய்வோர் பெரும்பாலும் நிலமில்லாத ஏழைகள். வேரோடு அழி என்று மேடையில் முழங்குவது எளிது. அம்மரம் போன மறுநாள் இவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு விடை சொல்லாத எந்தக் கொள்கையும் இச்சீமையில் நிலைக்காது என்பதே நமது துணிபு. கண்மாயிலும் வரத்துக்காலிலும் மரம் வேரோடு போகவேண்டும், அதில் தாட்சண்யம் கூடாது. தரிசான பட்டா நிலங்களில் வேறு பிழைப்பு கிடைக்கும் வரை சில காலம் இருக்கட்டும். அழிக்கும் வேலையையும், அவ்விடத்தில் வேம்பும் நாட்டுக் கருவேலும் பனையும் வளர்க்கும் வேலையையும் வெளியூர் காண்ட்ராக்டருக்கு விடாது இதே கரிமூட்டத் தொழிலாளருக்கே தரவேண்டும்.

மலைக்காட்டைக் காப்பதில் கரிசல் காட்டானுக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. அருப்புக்கோட்டையார் குடிக்கும் தாமிரவருணி நீர் பொதிகையில் பிறப்பது. களக்காடு–முண்டந்துறையில் 1988-இல் புலிகள் காப்பகம் ஏற்பட்டிராவிடில் அந்த நீர் எந்த நிலையில் இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் ஜில்லாவிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காப்பகம் 2021-இல் அமைந்தது. குண்டாற்றின் தலையும் மேற்கு மலைச் சரிவிலேயே இருக்கிறது. மாகாணத்தின் பசுமைப் பரப்பை நூற்றுக்கு 33 பங்காக உயர்த்தும் இயக்கம் 2022-இல் தொடங்கியதை வரவேற்கிறோம். ஆனால் சீமைக் கருவேலையும் அக்கணக்கில் சேர்த்து யாரும் பெருமை கொள்ளாதிருக்க வேண்டும்.

1976-ஆம் வருஷத்து அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றே, வனத்தைக் காப்பது சர்க்காரின் கடமை என்று 48-ஏ பிரிவிலும், பிரஜையின் கடமை என்று 51-ஏ பிரிவிலும் ஒருசேர எழுதி வைத்தது. ஒருவர் கடமையைக் காட்டி மற்றவர் நழுவுவதற்கு அதில் இடமில்லை. எனினும் நடைமுறையில் கரை ஓர் இலாகாவுக்கு, மரம் மற்றோர் இலாகாவுக்கு, வண்டல் எடுக்க அனுமதி வேறோர் அலுவலகத்தில் என்று கண்மாய் பங்கு போடப்பட்டிருக்கிறது. குப்பைக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை.

ஆண்டில் ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினத்தன்றும் கூடுகிறது. பாலவனத்தமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் அடுத்த சபையில் இதனை விவாதித்து, தத்தம் கண்மாயில் மரம் வெட்டும் ஏலத்தொகை முழுவதும் அக்கண்மாயின் மடைக்கும் வரத்துக்காலுக்குமே செலவாக வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றி ஜில்லா கலெக்டருக்கு அனுப்பவேண்டும். அச்சபைக்கு இலாகா அதிகாரிகளோடு கரிமூட்டக்காரரையும் பெட்டிக் கடைக்காரரையும் அழைக்க வேண்டும். தீர்மானத்தின் மீது எடுத்த நடவடிக்கையை அதற்கடுத்த சபையில் கலெக்டரின் பிரதிநிதி எழுத்து மூலம் வாசிக்க வேண்டும்.