வானத்திலும் வேலியா?

தில்லிக்கும் சான்பிரான்சிஸ்கோவுக்கும் இடையே எவ்வளவு தூரம்? ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர் என்று கண் இமைக்குமுன் விடை கூறிவிடுகிறது கணிப்பொறி. பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த கணக்கு அது. அந்த நூல் சைபீரியப் பனிவெளிகளைத் தாண்டி, வடதுருவத்தை நெருங்கிச் செல்லும். ஆனால், விமானம் நூலைப் பிடித்துக்கொண்டா பறக்கிறது?

இயற்கை போடும் கணக்கு ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் ஏர் இந்தியா நிறுவனத்தார் இவ்விரு நகரங்களுக்கும் இடைநில்லா விமானம் விட்டபோது அட்லாண்டிக் வழியாகச் சென்றார்கள். தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாறினார்கள். தூரம் 15,300 ஆயிற்று. நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்து பதினான்கரை மணியாயிற்று! உயர வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று, முன்பு எதிர்த்து நின்றது. இப்போது பின்னின்று தள்ளியது. பௌதிகம் படிக்கும் நண்பர்களுக்கு இதில் வியப்பிராது. நம்மைப் போன்ற இலக்கிய மாணவர்கள் இரண்டு முறை படித்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

காற்றின் கணக்கை யாரும் குறை கூற இயலாது. அரசுகள் போடும் கணக்கைத்தான் நாம் கேட்க வேண்டும். 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடிற்று. ஜூலை 16 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. ஜூலைத் தொடக்கம் வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நட்டம் என்று நம் நாடாளுமன்றத்திலேயே கூறப்பட்டது. 2025 ஏப்ரலில் மீண்டும் அதே கதை. இம்முறை இரு நாடுகளும் ஒன்றன் விமானத்தை மற்றொன்று தடுத்தன. வட அமெரிக்கா செல்லும் நம் விமானங்கள் சில, நடுவழியில் ஐரோப்பாவில் இறங்கி எரிபொருள் நிரப்ப நேர்ந்தது.

தன் நிலத்தின் மேலுள்ள வானம் தனக்கே உரியது என்பது 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கை ஒவ்வொரு நாட்டுக்கும் ஒப்புக்கொண்ட உரிமை. அதை மறுப்பாரில்லை. ஏவுகணை பறக்கும் வானை மூடுவதும் கடமையே. 2014 ஜூலையில் கிழக்கு உக்ரேனின் மேல் மலேசிய விமானம் வீழ்த்தப்பட்டு 298 உயிர்கள் மாண்டதை உலகம் மறந்துவிடவில்லை. ஆனால், 2025இல் நடந்தது என்ன? பிற நாட்டு விமானங்கள் செல்லத் திறந்திருந்த அதே வான்வழி, எதிர்நாட்டின் விமானத்துக்கு மட்டும் அடைத்துக் கிடந்தது. இதற்குப் பாதுகாப்பு என்றா பெயர்? விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவனும் மருத்துவத்துக்குப் போகும் முதியவரும் சேர்ந்து கட்டும் தண்டமன்றோ அது!

பயணி விமானங்கள் கடந்து செல்வதைப் பூசலிலிருந்து விலக்கி வைக்க ஓர் உடன்பாடு வேண்டும். கனவு என்று சிரிப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். இதே இரு அரசுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளன்று கைமாற்றிக்கொண்டு வந்திருக்கின்றன. கார்கில் போர் நடந்த 1999க்குப் பிறகும் அது நிற்கவில்லை. அணு உலைக்கு எழுத முடிந்த உடன்பாட்டை, முந்நூறு பயணிகள் அமர்ந்திருக்கும் விமானத்துக்கு எழுத முடியாதா?