உள்பையில் ஒரு தேதி

லண்டனில் போர்டொபெல்லோ சாலைச் சந்தையில் சனிக்கிழமைகளில் பழைய ஆண்கள் கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். எந்தக் காலத்தது என்று கேட்டால், காலரின் அகலத்தைப் பார்த்தே ஆண்டைச் சொல்லிவிடுவார்கள் சிலர். நான் அதை நம்புவதில்லை. இருபது வயதில் பழகிய வெட்டையே அறுபதிலும் தைத்துப் போட்டுக்கொண்டவர்கள் நிறைய. வெளியே தெரிவது ஆளின் பழக்கம். காலம் தெரிய வேண்டுமானால் கோட்டுக்குள் கையை விட வேண்டும்.

அளவெடுத்துத் தைக்கும் லண்டனின் சாவில் ரோ தெருத் தையற்காரர்கள் உள்பைக்குள் ஒரு சின்ன லேபிளைத் தைத்து, வாடிக்கையாளர் பெயரையும் தேதியையும் அதில் எழுதி வைப்பது வழக்கம். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை கடையில் வாங்கிய ஆயத்த ஆடைகள். அவற்றில் நான் முதலில் தேடுவது போர்க்கால முத்திரையை. ஒரு துண்டு வெட்டியெடுத்த வட்டப் பாலாடைக்கட்டி போல இரண்டு 'சி' எழுத்துகள், கூடவே 41 என்ற எண். துணியையும் விலையையும் அரசே வரையறுத்த ஆடைகளுக்கான அடையாளம் அது. 1941இல் வந்து 1952இல் போனது. ஆகவே முத்திரை இருந்தால் அந்தப் பதினோரு ஆண்டுகளுக்குள் நிற்கிறோம்.

இன்னும் நெருங்க வழி உண்டு. 1942இல் துணியை மிச்சப்படுத்த பேண்டின் கால் மடிப்பைத் தடை செய்தார்கள். டபுள் பிரெஸ்ட் கோட்டுக்கும் தடை, பைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு. 1944இல் இவை தளர்ந்தன. மடிப்புத் தடைதான் ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. தேவைக்கு மேல் நீளமான பேண்டை வாங்கி, வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். முத்திரையுள்ள பேண்டில் கைத்தையல் மடிப்பைக் கண்டால் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. சட்டம் ஒன்று சொல்ல, ஒரு வீடு வேறு செய்ததற்குச் சாட்சி அது. ஆனாலும் அந்த மடிப்பைப் பின்னாளிலும் யாராவது போட்டிருக்கலாம். அதை மட்டும் வைத்து ஆண்டைத் தீர்மானிக்க மாட்டேன்.

ஜிப்பும் அப்படித்தான். ஆண்கள் பேண்டில் அது பரவத் தொடங்கியது 1930களின் நடுவில். அதனால் ஜிப் இருந்தால் அதற்கு முந்தையதாக இருப்பது அரிது என்று சொல்லலாம். அதுவும் பின்னால் மாற்றி வைத்ததாக இல்லாவிட்டால். பட்டன் இருப்பதால் மட்டும் பழையதாகிவிடாது, பல தையற்காரர்கள் வெகுகாலம் காஜாவை விடவில்லை. நூலைப் பார்ப்பதும் உதவும். பாலியஸ்டர் இழையை இங்கிலாந்தில் கண்டுபிடித்ததே 1941இல், துணிக்கடைகளுக்கு அது வந்தது ஐம்பதுகளில். 1930களின் கோட்டு என்று விற்கப்படுவதில் பாலியஸ்டர் நூல் ஓடினால், ஒன்று தேதி தவறு, இல்லை பழுது பார்த்த இடம். அதனால் அக்குள் பக்கம், லைனிங்குக்கு அடியில், யாரும் பிரிக்காத தையலைத் தேட வேண்டும்.

லைனிங்கையே மாற்றியிருந்தால் லேபிளும் அதோடு போயிருக்கும். அப்படிப்பட்ட கோட்டில் '1938' என்று சீட்டு மாட்டி விலையேற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. 'அநேகமாக நாற்பதுகள்' என்று எழுதினால் போதும். நான் வாங்கிக்கொள்வேன்.